ஆலயம் உண்டு, அசனம் உண்டு, ஆண்டவர் எங்கே?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. உலை கொதிக்கும்போது வீட்டுப் பெண் அரிசியைக் களைவதற்கு முன்னால் அதில் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுவாள். போடும்போது வாய்க்குள் ஒரு சின்ன ஜெபம். வாரக் கடைசியில் கலயம் கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். அந்த அரிசியை விற்ற காசு ஊழியத்துக்குச் சேரும். வீட்டில் பிள்ளைகளுக்கு அரை வயிறுதான் என்றாலும் அந்த ஒரு பிடி தவறாது. அரிசியின் அளவு கொஞ்சம்தான். ஆனால் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் அவளுக்கு ஆண்டவரின் நினைப்பு வந்தது.

இன்று அதே சபைகளில் பலவற்றின் வாசலில் க்யூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறது. துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே காணிக்கை அனுப்புகிறான். மாதம் பிறந்தால் தசமபாகம் தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும்படி செய்தவர்களும் உண்டு. தொகை பல மடங்கு கூடியிருக்கிறது, கணக்கும் சுத்தம். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கொடுத்தது கொடுத்தவருக்கே நினைவில்லை என்பதைத் தவிர.

இந்தக் கட்டுரை பாவத்தைப் பற்றியது அல்ல. குடி, சூது, களவு, வேசித்தனம் பற்றி நம் பிரசங்க மேடைகள் இருநூறு வருஷமாகப் பேசியாயிற்று. அவை வரும் பின்வாசலில் காவல் போட்டு வைத்திருக்கிறோம். முன்வாசல் வழியாக, வெள்ளை வேட்டி கட்டி, கையில் வேதாகமத்தோடு வருகிறவற்றை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. ஆலயம், பண்டிகை, பாட்டு, வசனம், பள்ளி, ஊழியம் எல்லாமே நல்லவை, எல்லாமே இயேசுவுக்காகத் தொடங்கியவை. அவற்றில் எது எப்போது அவருடைய இடத்தில் உட்கார்ந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

எபேசுவின் அன்றும் இன்றும்

இப்படி ஒரு மாற்றத்தை வேதாகமமே ஒரு சபையில் காட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணம் வருகிறது. பவுல் அங்கே திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் போதித்தார். மாயவித்தை செய்தவர்கள் தங்கள் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாகக் கொளுத்தினார்கள். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. தியானாள் கோயிலைப் போலச் சின்ன வெள்ளிக் கோயில்கள் செய்து விற்ற தட்டான்களுக்குத் தொழில் போய்விடுமோ என்று பயம் வந்து ஊரே கலவரமானது. அன்றைய எபேசு சபைக்கு அந்தப் பள்ளிக் கூடத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

சில பத்தாண்டுகள் கழித்து, வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் அதே சபைக்கு ஒரு கடிதம் வருகிறது. கடிதத்தின் முதல் பாதி முழுக்கப் பாராட்டு. உழைக்கிறார்கள், பொறுமையாக இருக்கிறார்கள், கள்ளப் போதகர்களைச் சோதித்துக் கண்டுபிடிக்கிறார்கள், இயேசுவின் பேருக்காகப் பாடுபட்டும் சோர்ந்துபோகவில்லை. எந்தத் திருமண்டலமும் தன் ஆண்டறிக்கையில் அச்சிட்டு மகிழக்கூடிய நற்சான்று அது. அதன் பிறகு ஒரே ஒரு குறை: தொடக்கத்தில் அவர்மேல் வைத்திருந்த அன்பை விட்டுவிட்டார்கள். கெட்ட காரியம் எதையும் செய்ததாக அதில் குற்றச்சாட்டு இல்லை. வேலை எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. யாருக்காக நடந்ததோ அவர்தான் நடுவில் இல்லை.

ஓலைக் கோயிலும் கிரானைட் தளமும்

தென் திருநெல்வேலியின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு முதலூர். 1799-இல் உருவானது. அந்தக் காலத்து ஜெபவீடுகள் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்தன. எதிர்ப்பில் இடிபட்டால் மறுபடி வேய்ந்துகொண்டார்கள். பகலில் பள்ளிக்கூடம், அந்தியில் ஜெபக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் என எல்லாவற்றுக்கும் ஒரே கொட்டகை. பனையேறிவிட்டு வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து உபதேசியார் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார்கள்.

பிறகு கல் கட்டடங்கள் எழுந்தன. பாளையங்கோட்டையின் தூய திரித்துவ ஆலயம் 1826-இல் கட்டி முடிந்தது. மெஞ்ஞானபுரத்தில் மிஷனரி ஜான் தாமஸ் செம்மணல் காட்டுக்கு நடுவே 192 அடிக் கோபுரம் எழுப்பினார். இடையன்குடி ஆலயத்துக்கு 1847-இல் வேலை தொடங்கிய மிஷனரி கால்டுவெல்லால் 1880-இல்தான் அதைப் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. 33 வருஷம். அந்த முப்பத்து மூன்று வருஷமும் கட்டடம் மட்டுமே அவருடைய வேலையாக இருக்கவில்லை. சுற்றுப்பட்டிகளில் சபைகளும் பள்ளிகளும் வளர்ந்தன, ஒப்பிலக்கண நூல் வெளிவந்தது, பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையைத் தேடி வந்தார்கள். கட்டடம் மெதுவாக நடந்தது; சபை அதற்காகக் காத்திருக்கவில்லை.

இன்று ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம். தரைக்குக் கிரானைட், பீடத்துக்குப் பின்னால் எல்.இ.டி. திரை, வாசலில் ஆர்ச். வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிற ஏழைக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது குளிர்ந்த இடம் கிடைக்கட்டுமே, அதில் தப்பில்லை. தப்பு தொடங்கும் இடம் சுவரோரத்தில் இருக்கிறது. பிரதிஷ்டைக் கல்வெட்டை நின்று வாசித்துப் பாருங்கள். மேலே ஒரு வசனம், சின்ன எழுத்தில். கீழே பேராயர், சேகரகுரு, செயலர், பொருளாளர், கட்டடக் கமிட்டி உறுப்பினர்கள், நன்கொடையாளர்கள், பெரிய எழுத்தில். ஒரு பெயர் விட்டுப்போனதற்காக உறவு முறிந்த ஊர்கள் உண்டு. நாற்காலியின் முதுகில் பெயர், குழல்விளக்கின் நடுவில் பெயர், மின்விசிறியின் இறக்கையிலும் பெயர். விசிறி சுற்றும்போது பெயர் தெரிவதில்லை என்பது ஒன்றுதான் அதில் ஆறுதல்.

மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசு போடுவதைப் பார்த்து அவளைப் பற்றிப் பேசுகிறார். அங்கிருந்து எழுந்து வெளியே வந்ததுமே சீஷரில் ஒருவர், இந்தக் கல்லைப் பாரும், இந்தக் கட்டடத்தைப் பாரும் என்கிறார். ஆலயத்தில் குருவின் கண்ணுக்கு விதவை பட்டாள்; சீஷரின் கண்ணுக்குக் கல் பட்டது. நம் கமிட்டிக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டினால் நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

பந்தியில் காணாமல் போனவர்

அசனம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆளிடம் விளக்க வேண்டியதில்லை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று ஊரே ஒன்றாகச் சாப்பிடும் விருந்து. முந்தின இரவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குவார்கள். ஆண்கள் கிடங்கு வெட்டி அண்டா ஏற்றுவார்கள். பக்கத்தில் உட்காரக்கூடாது, ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தொடக்கூடாது என்றிருந்த காலத்தில் ஒரே பந்தியில் ஒரே சோறு என்பது சாதாரணக் காரியமா? வருஷத்தில் அன்றைக்குத்தான் வயிறார நெல்லுச் சோறு சாப்பிட்ட குடும்பங்கள் அன்று இருந்தன. அறுப்பின் பண்டிகையும் அப்படித்தான். முதல் முருங்கைக்காய், முதல் வாழைத்தார், ஒரு சிப்பம் கருப்பட்டி, ஒரு கோழி என்று கொண்டுவந்து பீடத்தடியில் வைத்தார்கள். பிறகு அதை ஏலம் விட்டார்கள். எடுத்தவருக்குப் பொருள், சபைக்குக் காசு, கொடுத்தவருக்கு நன்றி செலுத்திய திருப்தி.

பண்டிகையின் முகம் மாறியதற்குக் காரணம் பேராசை அல்ல, இடப்பெயர்ச்சி. பனைத்தொழில் நொடித்தது, பிள்ளைகள் படித்தார்கள், சென்னை, பெங்களூரு, மும்பை, வளைகுடா என்று போனார்கள். ஊரில் இருப்பது பெற்றோரும் பூட்டிய வீடுகளும். வெளியூர்க்காரர்களுக்குப் பண்டிகைதான் ஊரோடு இருக்கும் ஒரே உறவு. அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் ஏக்கத்தோடு பணமும் வந்தது, பணத்தோடு போட்டியும் வந்தது. ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகிறது; கைதட்டல் பழத்துக்கு அல்ல, எடுத்தவருடைய பெயருக்கு. இந்த வருஷம் எத்தனை கிடாய் என்ற பேச்சு, பிரசங்கியார் யார் என்ற பேச்சைவிட முன்னால் வருகிறது. ஆராதனை முடிவதற்குள் வரிசையில் வாளிகள் இடம் பிடித்துவிடுகின்றன. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது குறைந்து, வாளியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது கூடிவிட்டது. அசனம் எதற்காகத் தொடங்கியதோ அந்த ஒன்றாய் உட்காருதலே வாளியோடு வீட்டுக்குப் போய்விட்டது.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தை இந்தப் பந்தியில் வைத்து வாசிக்க வேண்டும். யோசேப்பும் மரியாளும் வருஷம் தவறாமல் பஸ்காவுக்கு எருசலேமுக்குப் போகிறவர்கள். பண்டிகை நாட்கள் முடிந்தன, ஊருக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தோடு வருகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுதும் நடந்துவிட்டார்கள். உறவினருக்குள் தேடினார்கள், இல்லை. அவரைத் தொலைத்தவர்கள் ஏரோதின் ஆட்கள் அல்ல. அவரைப் பெற்றவளும் வளர்த்தவனும். தொலைத்த நேரம், பண்டிகை முடிந்து சொந்தபந்தங்களோடு திரும்பிய நேரம். நம்மோடு இத்தனை பேர் வருகிறார்களே, அவர் வராமலா இருப்பார் என்று எண்ணிவிட்டார்கள். அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம், இல்லை என்று தெரிந்ததும் திரும்பி நடந்தது.

கடுங்காப்பியும் ஜெனரேட்டரும்

தமிழ்க் கிறிஸ்தவன் இறையியல் படித்தது புத்தகத்தில் அல்ல, பாட்டில். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையும் (1827–1900) கொடுத்துப் போன பாடல்களை எழுத்தறியாத பாட்டிகள் சரணம் தவறாமல் மனப்பாடமாகப் பாடினார்கள். நாற்று நடும்போதும், கருப்பட்டி காய்ச்சும்போதும், மரணப் படுக்கையின் பக்கத்திலும் அந்தப் பாட்டுகள் இருந்தன. பாட ஒரு மேடை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மார்கழிக் குளிரில் கீத பவனி போகும். கையில் பெட்ரோமாக்ஸ், தோளில் ஆர்மோனியம், பின்னால் பையன்கள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு வாய் கடுங்காப்பி. நடக்க முடியாமல் படுத்திருக்கும் கிழவியின் குடிசைக்குள்ளும் குனிந்து போய்ப் பாடுவார்கள். வருஷம் முழுக்கக் கோயிலுக்குப் போக முடியாதவளிடம் அந்த ஒரு இரவு கோயிலே வந்துவிடும்.

இன்று மினி லாரியில் ஜெனரேட்டர், அதன்மேல் ஒலிபெருக்கி, முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா ஆட்டம், பின்னால் கைபேசிக் கேமரா. இளைஞர்கள் உண்மையிலேயே உழைக்கிறார்கள். ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறார்கள். கெட்ட வழிக்குப் போகாமல் கோயிலைச் சுற்றி இருக்கிறார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் லாரி நுழையாத சந்துக்குள் பவனியும் நுழைவதில்லை. கிழவி படுத்திருப்பதோ அந்தச் சந்தின் கடைசி வீட்டில்.

ஆலயத்துக்குள்ளும் ஒரு மாற்றம். முன்பு சபை பாடியது, பாடகர் குழு நடத்தியது. இப்போது பல இடங்களில் குழு பாடுகிறது, சபை பார்க்கிறது. கீபோர்டும் டிராக்கும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடுகிறாரா இல்லையா என்பதே தெரிவதில்லை. ஆராதனை நன்றாக இருந்தது என்று வீடு திரும்பும்போது சொல்கிறோம். இசை நன்றாக இருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம்.

வசனம் கையில் இருக்கிறது

இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சான புதிய ஏற்பாடு தமிழில்தான். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்தது 1715-இல் அச்சாகி முடிந்தது. அதன் பிறகு வேதம் வாசிப்பதற்காகவே எழுத்துக் கற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வேதாகமம். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம்: ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், முழங்கால். தூங்கி வழியும் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ஒரு குட்டு. அப்பா நீளமாக ஜெபித்தால் சோறு ஆறிவிடும். கசப்பாக இருந்தாலும் அதைத் தவிர்க்க வழியில்லை.

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் நாலைந்து மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படத்தோடு அன்றைய வசனம் வந்துவிடுகிறது. வாசித்து முடிப்பதற்குள் விரல் அதை வேறு நாலு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறது. வாசித்தவரைவிட அனுப்பியவர் அதிகம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையையும் பாருங்கள். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், தலையாக்குவேன் என்பவைதான் அதில் வரும். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னே வா என்ற அழைப்பு எந்த வருஷமும் யாருக்கும் சீட்டில் விழுந்ததில்லை, ஏனென்றால் அதை யாரும் அச்சிடுவதே இல்லை. வேத வினாடி வினாவில் தங்கக் காசு வாங்கும் பிள்ளைக்கு யூதாவின் ராஜாக்கள் வரிசை தலைகீழாகத் தெரியும். அதுவும் நல்லதுதான். இயேசுவிடம் என்ன பேசுவாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளை திகைக்கிறது.

வேத வாக்கியங்களை ஆராய்கிறீர்கள், ஆனால் என்னிடத்தில் வர மனமில்லையே என்ற கருத்தில் யோவான் 5-இல் இயேசு பேசியது வேதம் அறியாதவர்களிடம் அல்ல. அதைக் கரைத்துக் குடித்தவர்களிடம்.

துண்டும் பதவியும்

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். நம்மிடம் சுவிசேஷம் கொண்டுவந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் இருக்கிறது, அதைப் பிறருக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் உறுத்தல். தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் அனுப்புவதோடு அசரியா நிற்கவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தானே அங்கு போனார், புது மொழி கற்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பதவி அவரைத் தேடி வந்தபோது அவர் கிராமத்தில் இருந்தார்.

டோனாவூரில் மிஷனரி எமி கார்மைக்கேலின் கதை இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 1895-இல் இந்தியா வந்த அவர், பெண்கள் குழு ஒன்றோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். 1901-இல் இந்துக் கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி அவரிடம் வந்தாள். அவளுக்குப் பின் இன்னும் பலர். ஊர் ஊராகப் போவதை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சவும் காயத்துக்கு மருந்து போடவும் வேண்டியதாயிற்று. ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்க்கிறார் என்று பேசினார்கள். எஜமானர் துண்டை எடுத்து அரையில் கட்டிக்கொண்டு சீஷர் கால்களைக் கழுவினாரே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். 1951-இல் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. பிரசங்கம் உயர்ந்தது, பால் காய்ச்சுவது தாழ்ந்தது என்று எந்தப் பட்டியலும் இல்லை. பிரசங்கம் இயேசுவை மறைக்கவும் கூடும். பால் பாத்திரம் அவரைக் காட்டவும் கூடும்.

இன்று அதே திருமண்டலங்களில் கல்லூரிகள், மருத்துவமனைகள், நூற்றுக்கணக்கான பள்ளிகள். ஓலைக் கொட்டகையில் தொடங்கியது இவ்வளவு வளர்ந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பள்ளி என்றால் பணியிடம், பணியிடம் என்றால் அதை நிரப்பும் அதிகாரம், அதிகாரம் என்றால் தேர்தல். பெருமன்றத் தேர்தல் வந்தால் ஊர் இரண்டு அணியாகிறது, கார்கள் பறக்கின்றன, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்கிறது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போகிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கு பெறுகிறவர்கள் வாசலுக்கு வந்ததும் எதிரெதிர் அணி. சேகரகுருவான ஐயருடைய மேசையைப் பாருங்கள்: தாளாளர் என்ற முறையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் பள்ளிக் கோப்பு, வக்கீல் நோட்டீஸ், கட்டட ஒப்பந்தப் புள்ளி, திருமணச் சான்றிதழ். அவற்றுக்கு அடியில் எங்கோ ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கக் குறிப்பு. வீடு சந்திக்க அவருக்கு நேரமில்லை. ஜெபிக்க நேரமிருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை.

அன்று எல்லாம் பொன்னா?

இல்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபைகளை எழுப்பிய மிஷனரி ரேனியஸ், குருப்பட்டம், திருச்சபை ஒழுங்கு ஆகியவை பற்றித் தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு மோதினார். 1835-இல் அவரை நீக்கினார்கள். உபதேசியார்களும் சபைகளும் இரண்டாகப் பிரிந்தனர். 1838-இல் அவர் இறந்த பிறகே புண் ஆறத் தொடங்கியது. திருச்சபை ஒழுங்கும் நல்ல காரியம்தான். அதற்காகத்தான் அத்தனை சண்டையும். சாதி பார்த்து ஆலயத்தில் தனித்தனியே உட்கார்ந்ததும், ஒரே கிண்ணத்தில் பங்கு பெற மறுத்ததும் அந்தப் பழைய காலத்தில் நடந்ததுதான். பிடியரிசி போட்ட அதே கை, தன் கிணற்றில் இன்னொருவரைத் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்ததும் உண்டு. ஆகவே முன்னோரெல்லாம் பரிசுத்தவான்கள், நாமெல்லாம் கெட்டுப்போனோம் என்ற ஒப்பாரி வேண்டாம்.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அன்று கையில் ஒன்றுமில்லாததால் இயேசு இல்லாவிட்டால் அது உடனே தெரிந்தது. ஓலைக் கூரைக்குக் கீழே ஜெபமும் இல்லையென்றால் வேறென்ன இருக்கும்? இன்று அவர் இல்லாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அழகாக நடத்தி முடிக்கலாம். ஒலிபெருக்கி வேலை செய்யும், பாட்டு ஒலிக்கும், காணிக்கை சேரும், அசனம் ருசிக்கும். வசதி கூடியது பாவமல்ல. வசதியால் இல்லாமை மறைந்துவிட்டது, அதுதான் ஆபத்து.

உடைப்பதா, வைத்துக்கொள்வதா?

வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் தேவனே செய்யச் சொன்னது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். பிழைப்பித்த பொருளே வணங்கும் பொருளாகிவிட்டால் அதை உடைக்கவும் துணிவு வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. மார்த்தாளைப் பார்த்து இயேசு சமையலை நிறுத்தச் சொல்லவில்லை; கவலைப்பட்டுக் கலங்குவதைத்தான் குறிப்பிட்டார். பின்னொரு நாள் பெத்தானியாவில் அவருக்கு விருந்து நடந்தபோதும் பணிவிடை செய்தவள் மார்த்தாள்தான் என்று யோவான் எழுதுகிறார். அந்த முறை குறை எதுவும் சொல்லப்படவில்லை. வேலை அதேதான், அவள் மனம் நின்ற இடம் மாறியிருக்க வேண்டும்.

ஆகவே சபைகள் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. அடுத்த கல்வெட்டில் வசனத்தைப் பெரிதாகவும் பெயர்களைச் சிறிதாகவும் வெட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பெயர்களே வேண்டாம். அசனத்தை வாளியில் வாங்காமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்களோடு பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் இலை போடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீபோர்டை அணைத்துவிட்டுச் சபையைப் பாடவிடுங்கள். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்து போங்கள். தாளாளர் பொறுப்பை நம்பகமான ஒரு விசுவாசியிடம் கொடுத்து, ஐயரை வீடு சந்திக்கவும் ஜெபிக்கவும் விடுங்கள். காலையில் வரும் வசனத்தை யாருக்கும் அனுப்பாமல் ஒரு நாளாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வரப்போகும் பண்டிகைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் பட்டியலில் இயேசு இல்லாவிட்டால் நின்றுபோகிற காரியம் எது? பந்தல் நிற்காது, ஏலம் நிற்காது, கச்சேரி நிற்காது என்றால், நாம் அவர் பெயரில் நம் விழாவைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அன்று யாருக்கும் பிடித்தவராக இருக்க மாட்டார். பரவாயில்லை, கேளுங்கள். பண்டிகையைத் தள்ளிவைத்தாலும் குற்றமில்லை. அவரைத் தேடித் திரும்பி நடப்பதைத் தள்ளிவைக்காதீர்கள்.